உங்கள் குளவிக் கல்ச்சரில் பெண்களே பிறக்கின்றனவா? வோல்பாக்கியா சோதனைக்கு ஒரு வழிகாட்டி

முதுகலை ஆய்வுக்காக நான் வளர்த்த டிரைக்கோகிரம்மா குளவிகளில் (அந்துப்பூச்சி முட்டைக்குள் முட்டையிட்டு வளரும் மிகச் சிறிய குளவி) ஒரு வரிசையில், அதாவது தனியாக வளர்த்த ஒரு வம்சத்தில் மட்டும் ஆணே பிறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள்தான். பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று நேராக பிசிஆருக்கு, அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்காக்கிப் பார்க்கும் சோதனைக்கு, ஓடினேன். ஜெல்லில் அதன் டிஎன்ஏ பட்டை தெரிந்தது. ஆய்வே முடிந்துவிட்ட மாதிரி சந்தோஷம். அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "சரி, பாக்டீரியா இருக்கிறது. பெண்களே பிறப்பதற்கு அதுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்னிடம் பதில் இல்லை. வேலைகளைத் தலைகீழான வரிசையில் செய்திருந்தேன். எல்லாவற்றையும் திரும்பச் செய்ததில் எட்டு மாதம் போனது. உங்களுக்கு அப்படிப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். எனவே ஆணோடு சேராத தாய்க்கும் மகன்கள் பிறப்பார்கள். பாக்டீரியாவோ தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மகனுக்குள் போய்ச் சேர்ந்தால் அதற்கு அதோடு வழி முடிந்தது. குளவியின் இனப்பெருக்கத்தில் அது செய்யும் குறுக்கீடுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்து வருகின்றன.

1. உங்கள் கேள்வி எது என்று முடிவு செய்யுங்கள்

கல்ச்சரில் எதைப் பார்த்தீர்களோ அதை வைத்துத்தான் சோதனை அமையும். ஆணே இல்லாமல் பெண்கள் மட்டும் வந்தால் அது கன்னிப் பிறப்பு. டிரைக்கோகிரம்மாவில் வோல்பாக்கியா இதைச் செய்யும் முறை அழகானது. கருவுறாத முட்டையில் முதல் செல் பிரிதலின்போது குரோமோசோம்கள் இரண்டாகின்றன, ஆனால் பிரிந்து போவதில்லை. ஒற்றைத் தொகுதி இரட்டைத் தொகுதியாகிவிடுகிறது. மகனாக வேண்டிய முட்டை மகளாகிறது.

ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள், ஆனால் சில ஜோடிகளுக்கு மட்டும் மகள்கள் குறைகிறார்கள் என்றால் அது கலப்பு ஒவ்வாமையாக இருக்கலாம்: பாக்டீரியா உள்ள ஆண் இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் கருவுற்ற முட்டை கெடுவது. நாசோனியா குளவியில் மிக நன்றாக ஆராயப்பட்டது இது. மகன்கள் மட்டும் முட்டையிலேயே செத்துப்போனால் ஆண்கொல்லி வகை. நாசோனியா விட்ரிபென்னிஸில் இதைச் செய்வது வோல்பாக்கியா இல்லை, ஆர்செனோபோனஸ் என்ற வேறு பாக்டீரியா. நான்காவதாக இன்னொன்றும் உண்டு: அசோபாரா டாபிடா குளவியிலிருந்து வோல்பாக்கியாவை நீக்கினால் பெண்ணுக்கு முட்டையே முதிராது. அந்த மாதிரிக் குளவி கையில் இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்ததும் வரிசையே அழிந்துவிடும். மருந்து கொடுக்காத தாய் வரிசையைத் தனியாக, முடிந்தால் வேறு அறையில், எப்போதும் வைத்திருங்கள்.

இந்த வழிகாட்டியில் நான் டிரைக்கோகிரம்மாவை வைத்தே பேசுகிறேன். நம் ஊரில் எளிதில் கிடைப்பது அதுதான். கரும்புத் துளைப்பான்களுக்கு எதிராக வயலில் கட்டும் ஒட்டுண்ணி அட்டையில் (குளவி முட்டையிட்ட அந்துப்பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டை) இருப்பதும் இதன் ஓர் இனமே.

2. காகித வேலையை முதல் வாரமே முடியுங்கள்

கல்ச்சரைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையத்திலிருந்தோ, வேளாண் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்தோ வாங்கலாம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம் தயாராக இருக்கட்டும். வாங்கும்போது இனப்பெயரோடு எந்த ஊரில் சேகரித்தது, எத்தனை தலைமுறையாக வளர்கிறது, எந்த அந்துப்பூச்சியின் முட்டையில் வளர்கிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

வயலில் நீங்களே சேகரிப்பதாக இருந்தால் நிலத்துக்காரரின் சம்மதம் போதும். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு எவ்வளவு நாளாகும் என்று சொல்ல முடியாது, அதை நம்பி நாட்காட்டி போடாதீர்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் எண்ணம் இருந்தால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள குளவியைக் கொண்டுவர மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகரின் இறக்குமதி அனுமதி தேவை, அதன் பிறகு தனிமைக் காப்பும் உண்டு. முதுகலை மாணவருக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

இனம் கண்டறிவதில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. டிரைக்கோகிரம்மா இனங்களை ஆணின் பிறப்புறுப்பை வைத்துத்தான் உறுதியாகப் பிரிக்க முடியும். அப்படிப் பிரிக்கும் முறையை நிலைநாட்டியவர்களே நம் நாட்டின் நாகர்கட்டியும் நாகராஜாவும்தான். ஆண்களே இல்லாத வரிசையில் எதைப் பார்ப்பது? இனத்துக்கு இனம் மாறும் ஐடிஎஸ்-2 என்ற டிஎன்ஏ பகுதியை வரிசைப்படுத்தலாம், அதாவது அதன் எழுத்துகளைப் படிக்கலாம். அல்லது 6ஆம் படியில் மருந்து கொடுத்து ஆண்கள் பிறந்ததும் அவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றலாம். இரண்டையும் செய்வது நல்லது.

3. அந்துப்பூச்சியை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்

குளவிக்குத் தலைமுறை 8 முதல் 10 நாள். அது முட்டையிடும் கார்சைரா அந்துப்பூச்சிக்கோ ஒன்றரை மாதம் ஆகும். இந்தக் கணக்கைப் போடாமல் குளவியை வாங்கிவிட்டு, முட்டைக்காகப் பக்கத்து ஆய்வகத்தில் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன்.

உடைத்த கம்பும் நிலக்கடலைப் பொடியும் கலந்து கார்சைரா வளர்ப்பது எல்லா ஆய்வகத்திலும் நடக்கிறது. ஆனால் வழக்கமான செய்முறையில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது: தானியத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் தெளிப்பது. அது ஆன்டிபயாடிக். அட்டை தயாரிப்பவருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. நீங்கள் பாக்டீரியாவைப் பற்றியே ஆராய்கிறீர்கள், உங்களுக்கு அது ஆகாது. உங்கள் சோதனைக்கான கார்சைராவை மருந்து தெளிக்காத தனி டப்பாக்களில் வளர்த்து, மூடி மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆய்வக உதவியாளரிடம் வாயாலும் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் பல வருடப் பழக்கத்தில் தெளித்துவிடுவார். எனக்கு இரண்டு டப்பா அப்படித்தான் போனது.

முட்டைகள் 24 மணி நேரத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். புற ஊதா விளக்கில் காட்டிக் கருவை அழித்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் குளவி விட்டுவைத்த முட்டையிலிருந்து புழு வந்து பக்கத்து முட்டைகளைத் தின்றுவிடும்.

4. ஒரு தாய் வரிசையும் கன்னிப் பெண் சோதனையும்

இதுதான் முழு வேலையின் அச்சாணி. காசும் அதிகம் ஆகாது. நான் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

ஒட்டுண்ணி ஏறிய முட்டை மூன்றாம் நான்காம் நாளில் கறுத்துவிடும். கறுத்த முட்டைகளை ஈரமான மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிரித்து, ஒரு சிறு கண்ணாடிக் குழாய்க்கு ஒரு முட்டை வீதம் போடுங்கள். குழாயின் உட்சுவரில் தேனை ஊசி முனையால் ஒரு கோடு மட்டும் இழுங்கள். சொட்டாக வைத்தால் அரை மில்லிமீட்டர் குளவி அதில் ஒட்டிச் சாகும். பஞ்சை இறுக்கி அடையுங்கள். தளர்ந்த பஞ்சுக்குள் நுழைந்து குளவி காணாமல் போவது தினசரி நடக்கும் விஷயம்.

குளவி வெளியே வருவதற்கு முன்பே பிரிக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். டிரைக்கோகிரம்மா வெளியே வந்த உடனே சேர்ந்துவிடும். காலையில் அட்டையிலிருந்து பெண்ணைப் பொறுக்கி எடுத்துக் கன்னி என்று எழுதிக்கொண்டால் அந்தச் சோதனை செல்லாது. ஒரே முட்டையிலிருந்து இரண்டு குளவிகள் வந்த குழாயையும் கழித்துவிடுங்கள், உள்ளேயே கூடப் பிறந்த ஆணோடு சேர்ந்திருக்கலாம்.

ஆணா பெண்ணா என்று உணர்கொம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆணுக்கு அதில் நீண்ட முடிகள் சிலிர்த்து நிற்கும். பெண்ணுக்கு நுனி பருத்துக் கதாயுதம் போல இருக்கும், முடிகள் குட்டை. முதல் நாள் ஒரு மணி நேரம் நுண்ணோக்கியில் உட்கார்ந்து இறந்த குளவிகளில் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வொரு கன்னிப் பெண்ணுக்கும் சுமார் 50 புது முட்டை ஒட்டிய சிறு அட்டைத் துண்டு கொடுங்கள். 25 முதல் 30 பெண்கள் வேண்டும். பத்து நாள் கழித்துப் பிள்ளைகளை எண்ணுங்கள். எல்லாம் ஆண் என்றால் உங்கள் வரிசை சாதாரணமானது, கன்னிப் பிறப்பு இல்லை. மகள்கள் வந்தால் இருக்கிறது. சில தாய்களுக்கு மகள்கள், சில தாய்களுக்கு மகன்கள் என்று கலந்து வந்தால் உங்கள் கல்ச்சரே கலவை. அப்போது மகள்கள் பெற்ற ஒவ்வொரு தாயிலிருந்தும் தனித்தனி வரிசை தொடங்கி, இரண்டு தலைமுறை தனியாக வளர்த்த பிறகு மேலே போங்கள்.

வரிசைகளைக் கலக்க விடாதீர்கள். பாக்டீரியா உள்ள குளவிப் புழுவும் இல்லாத குளவிப் புழுவும் ஒரே அந்துப்பூச்சி முட்டைக்குள் வளர்ந்தால் பாக்டீரியா இதிலிருந்து அதற்குத் தாவக்கூடும். டிரைக்கோகிரம்மா கேகேய் இனத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

5. இப்போது பிசிஆர்

குளவிகளைப் பிடித்ததும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். பெயரைப் பென்சிலால் சிறு காகிதத்தில் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். குழாயின் மேல் மார்க்கரால் எழுதினால் எத்தனால் பட்டு அழிந்துவிடும்.

ஒரு குளவிக்கு ஒரு டிஎன்ஏ. செலக்ஸ் பிசின் மணிகளும் புரதத்தைக் கரைக்கும் புரோட்டீனேஸ்-கே நொதியும் வைத்து எடுப்பது மலிவு, இவ்வளவு சிறிய பூச்சிக்குப் போதுமானதும்கூட. வோல்பாக்கியாவுக்கு அதன் டபிள்யூஎஸ்பி மரபணுவின் 81எஃப், 691ஆர் பிரைமர்கள் (எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) போதும், சுமார் 600 அடியிணை நீளத்தில் பட்டை வரும்.

நான்கு ஒப்பீடுகள் இல்லாமல் ஜெல் ஓட்டாதீர்கள். ஒன்று, டிஎன்ஏ போடாத வெறும் தண்ணீர். இரண்டு, குளவியின் சொந்த சிஓஐ மரபணு. அது பெருகவில்லை என்றால் டிஎன்ஏவே சரியாக எடுக்கவில்லை என்று அர்த்தம், வோல்பாக்கியா இல்லை என்று அர்த்தம் இல்லை. மூன்று, பாக்டீரியா இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு மாதிரி. இதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். வீட்டில் இரவில் கடிக்கும் கியூலக்ஸ் குவின்குஃபாசியேட்டஸ் கொசுவில் வோல்பாக்கியா இயல்பாகவே இருக்கிறது. நான்கு கொசு பிடித்தால் வருடம் முழுவதற்கும் ஆகும். நான்காவது, குளவி வளரும் அந்துப்பூச்சியின் முட்டை. எபெஸ்டியா வகை அந்துப்பூச்சிகளில் வோல்பாக்கியா உண்டு. அவற்றின் முட்டையில் வளர்ந்த குளவியில் பட்டை வந்தால், அது குளவியுடையதா, அது தின்ற முட்டையுடையதா? பட்டையை வெட்டியெடுத்து வரிசைப்படுத்தினால்தான் தெரியும்.

பட்டை வரவில்லை என்றால் கார்டினியம், ரிக்கெட்சியா, ஆர்செனோபோனஸ் ஆகிய பாக்டீரியாக்களுக்கும் பாருங்கள். என்கார்சியா குளவிகளில் கார்டினியம் இதே மாதிரி வேலைகளைச் செய்கிறது. எந்தப் பாக்டீரியாவும் இல்லாமல் பெண்களே பிறக்கும் இனமும் இருக்கிறது, டிரைக்கோகிரம்மா ககோசியே அப்படித்தான்.

6. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாருங்கள்

கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பாக்டீரியாவை நீக்கினால் ஆண்கள் பிறக்க வேண்டும். பிறந்தால் காரணம் அதுதான் என்று சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது.

டெட்ராசைக்ளினைத் தேனில் கலந்து, முட்டை கொடுப்பதற்கு முன் 24 மணி நேரம் ஊட்டுங்கள். நாசோனியாவுக்கு 10 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. டிரைக்கோகிரம்மா நக்குவது மிகக் கொஞ்சம், அதனால் அதற்கு இதைவிட அதிகம் வேண்டியிருக்கும். மூன்று அளவுகளில் சிறு முன்சோதனை செய்து, குளவி சாகாத அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து வெளிச்சத்தில் கெடும். அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, வாராவாரம் புதிதாகக் கலக்குங்கள். ஒப்பீட்டுக்கு வெறும் தேன் குடித்த குளவிகளும் அதே நாளில், அதே அறையில் இருக்க வேண்டும்.

மருந்து குடித்த தாய்க்குத் தினமும் புது அட்டை மாற்றுங்கள். எனக்கு முதல் நாள் அட்டையில் முழுக்கப் பெண்கள்தான் வந்தன. மருந்து வேலை செய்யவில்லை என்று தூக்கிப்போட இருந்தேன். மூன்றாம் நாள் அட்டையில் முடி சிலிர்த்த கொம்போடு முதல் ஆண் நடந்து வந்தது. பாக்டீரியா குறையக் குறைய, பின்னால் இட்ட முட்டைகளில் ஆண்கள் கூடும். எல்லா நாள் முட்டையையும் ஒரே அட்டையில் வாங்கினால் இந்த மாற்றம் உங்கள் கண்ணில் படாது. ஒரு கொம்பு ஆண் மாதிரி, ஒரு கொம்பு பெண் மாதிரி இருக்கும் இருபால் குளவிகளும் நடுவில் வரலாம். தனிப் பத்தியில் எழுதி வையுங்கள், அதுவும் தரவுதான்.

கோடைக்கு ஒரு எச்சரிக்கை. 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வளர்த்தாலும் வோல்பாக்கியா குறைந்து ஆண்கள் பிறக்கும். மே மாதம் மின்சாரம் போய் வளர்ப்புப் பெட்டி சூடானால், மருந்தே கொடுக்காத உங்கள் ஒப்பீட்டு வரிசையிலும் ஆண்கள் வந்து நிற்கும். எனக்கு ஒரு முழுத் தலைமுறை இப்படிக் கெட்டது. வெப்பநிலையைத் தானே பதியும் சிறு கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். முடிந்தால் இந்தப் படியை ஏப்ரல், மே மாதங்களில் வைக்காதீர்கள்.

மூன்று தலைமுறை மருந்து கொடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று தலைமுறை மருந்தில்லாமல் ஓய்வு. டெட்ராசைக்ளின் குளவியின் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் பாதிக்கும். ஓய்வு கொடுக்காமல் முட்டை எண்ணிக்கையை அளந்தால் மருந்தின் விளைவைப் பாக்டீரியா நீங்கியதன் விளைவு என்று எழுதிவிடுவீர்கள்.

மருந்து கொடுத்தபின் வந்த ஆண்களையும் பெண்களையும் சேர்த்து இரு பாலும் உள்ள வரிசை உண்டாக்கலாம் என்று நினைப்பீர்கள். நீண்ட காலம் ஆணே இல்லாமல் ஓடிய வரிசைகளில் பெண்கள் சேர்வதில்லை, அல்லது சேர்ந்தாலும் விந்தைப் பயன்படுத்துவதில்லை. அப்படி ஆனால் அது உங்கள் கைத்தவறு இல்லை. அந்த வரிசைக்கு ஓய்வுத் தலைமுறைகள் கிடைக்காது. பாக்டீரியா முழுதாக நீங்கியதும் அது ஆண்களோடு முடிந்துவிடும் என்பதால், எண்ணிக்கைகளை அதற்குள் எடுத்துவிடுங்கள்.

7. கலப்பு ஒவ்வாமை என்றால் நான்கு ஜோடிகள்

உங்கள் வரிசையில் இரு பாலும் இருந்து, பாக்டீரியாவும் இருந்தால் இந்தப் படி. பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத ஆண், உள்ள பெண், இல்லாத பெண் என்று நான்கு விதமாகச் சேர்த்து, ஒவ்வொரு விதத்துக்கும் 25 ஜோடியாவது வையுங்கள். பாக்டீரியா உள்ள ஆணும் இல்லாத பெண்ணும் சேரும் ஜோடியில்தான் கோளாறு தெரியும்.

பலரும் இங்கே பெண் விழுக்காட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். அது போதாது. கருவுற்ற முட்டை இரண்டு விதமாகக் கெடலாம். தந்தையின் குரோமோசோம்கள் மொத்தமாக அழிந்து, மகளாக வேண்டியது மகனாகிவிடலாம். அப்போது மகள்கள் குறைவார்கள், மகன்கள் கூடுவார்கள், மொத்தம் மாறாது. அல்லது அந்த முட்டை செத்துவிடலாம். அப்போது மகள்கள் குறைவார்கள், மகன்கள் அப்படியே இருப்பார்கள், மொத்தம் குறையும். நாசோனியா விட்ரிபென்னிஸில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை. அதன் உறவினமான நாசோனியா ஜிரால்டியில் இரண்டாவது. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். மகன், மகள், கறுத்தும் குளவி வராத முட்டை, கறுக்காத முட்டை என்று நான்கு பத்திகள் போட்டு எண்ணுங்கள்.

8. செலவு

குளவி வளர்ப்பில் பெரிய செலவில்லை. கம்பு, தேன், குழாய், தூரிகை எல்லாம் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். காசு கரைவது மூலக்கூறு வேலையில். ஒரு பிரைமர் சில நூறு ரூபாய், வெளியே வரிசைப்படுத்தக் கொடுத்தால் ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாய். 30 குளவி என்றால் வோல்பாக்கியாவுக்கு 30, சிஓஐக்கு 30, ஒப்பீடுகள் என்று 70 பிசிஆர் ஆகிவிடும். எல்லாப் பட்டையையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை, வரிசைக்கு இரண்டு மூன்று போதும். டிஎன்ஏ கிட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், செலக்ஸில் ஐந்து குளவிகளை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

விலைப்புள்ளி மூன்று வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, கையெழுத்தாகிப் பொருள் வந்து சேர ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்சைராவைத் தொடங்கும் அன்றே பிரைமருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும்.

9. நாட்காட்டி

நான் இப்போது செய்வதாக இருந்தால் இப்படிப் போடுவேன். ஜூன், ஜூலையில் கார்சைராவும் கடிதங்களும். ஆகஸ்டில் குளவி வந்து தனித்தாய் வரிசை. செப்டம்பரில் கன்னிப் பெண் சோதனையும், கூடவே பிசிஆரும். அக்டோபரில் மருந்து. நவம்பரில் ஓய்வு. டிசம்பரில் மறுபடி பிசிஆர் செய்து பாக்டீரியா போய்விட்டதை உறுதி செய்தபின் கலப்புகள். ஜனவரியில் கெட்டுப்போனதைத் திரும்பச் செய்ய ஒரு மாதம். அந்த மாதம் கண்டிப்பாகத் தேவைப்படும், அதை எடுத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கறுத்த அட்டைகளை 10 டிகிரியில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். போவதற்கு முன் ஒவ்வொரு வரிசையிலும் 20 குளவிகளை எத்தனாலில் எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது கல்ச்சர் செத்திருந்தாலும் டிஎன்ஏவாவது கையில் இருக்கும்.